மன்னிக்காமல் போன கௌரி

கௌரி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் தெஹிவளையில் பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். கைப்பைக்குள் தொலைபேசி விடாமல் அடித்தது. உதவிக்கு நின்ற பெண் அதை எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தியரிடம் சிங்களத்தில் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் கையை எடுத்தார். "உங்கட சிநேகிதியாம்," என்றார். அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. கௌரி ஆஸ்பத்திரியில் கிடந்த கிடையை நான் முதல்நாள்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பாதி மரத்த வாயோடு, வாகனங்கள் இரையும் காலி வீதிக்கு வந்து நின்றேன். அழவும் வாய் கோணியது. அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால் கௌரி வயிறு நோகச் சிரித்திருப்பாள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று அவளுடைய தம்பி கஜன் கேட்டபோது, நான் எழுதினால் நீர் போடமாட்டீர் என்றேன். "உள்ளதை எழுதுங்கோ அக்கா. ஒரு வரியும் வெட்டமாட்டன்," என்றான். அவனை நம்பி எழுதுகிறேன். இதை வாசிக்கப்போகிறவர்களில் பலர் அவளை ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பிரிவுத் தலைவியாக அறிவீர்கள். சிலர் பள்ளிக்கூடத்தில் அறிவீர்கள். அவள் நல்லவள், அன்பானவள், அமைதியானவள் என்று மற்றப் பக்கங்களில் எழுதியிருப்பார்கள். நல்லவள்தான். அமைதியானவள் அல்ல.

அவளுடைய உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அவளுடைய சித்தப்பா ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியது பலருக்கு ஞாபகம் இருக்கும். "இந்தப் பிள்ளைக்கு ஒரே நேரத்திலை ரெண்டு பல்கலைக்கழகத்திலை இடம் கிடைச்சது. எதை எடுக்கிறதெண்டு தெரியாமல் தடுமாறின நேரம் வழிகாட்டினது நான்தான். இவள் நிதித்துறைக்கு வந்ததுக்கும் நான்தான் காரணம்," என்றார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் முழுப் பொய் என்று பிடிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் என்னால் அன்றைக்கு எழும்பி மறுக்க முடியவில்லை. அவர் எப்படி வழிகாட்டினார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். தன் பெயரை அச்சில் பார்ப்பது அவருக்கு மிகவும் பிடிக்கும்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தது போரால் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில். கொட்டாஞ்சேனையில் கௌரியின் அம்மாவின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. அம்மா அங்கே ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தார். கௌரியும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு, வர்த்தகப் பிரிவு. அவர்களுக்கு முன்பு ஒரு புடைவைக் கடை இருந்தது. தமிழருக்கெதிரான கலவரத்தில் எரிந்துபோனது. கடை எரிந்த பிறகு அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு, இழப்பீடு கேட்டுக் காப்புறுதிக் கந்தோருக்குப் போயிருக்கிறார். மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கலவரத்துக்கு இதிலே இடமில்லை என்று காட்டினாராம். அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் எழும்பி வந்துவிட்டார். சில வருடங்களில் அவரும் போய்விட்டார். "அப்பாவுக்கு அந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியேல்லை. எனக்குத் தெரியவேணும்," என்று கௌரி சொல்வாள். கணக்கும் நிதியும் படிக்கவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அந்தக் கந்தோரில்தான் வந்தது, சித்தப்பாவின் வீட்டிலல்ல.

உயர்தரப் பரீட்சையில் அவள் மிக நன்றாகச் செய்தாள். கொழும்பிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் வணிகவியலுக்கு இடம் வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் கணக்கியலும் நிதியும் படிக்க இடம் தந்து, கட்டணத்தில் பாதியையும் விட்டுக்கொடுத்தது. மிச்சத்துக்கு யாராவது பொறுப்பு நிற்கவேண்டும். சித்தப்பா பட்டயக் கணக்காளர். கொட்டாஞ்சேனையில் கணக்காய்வுக் கந்தோர், வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கையில் சொந்த வீடு. "நான் நிக்கிறன், நீ யோசிக்காதை," என்று அவராகவே வந்து சொன்னார். பாடசாலை நாட்களிலேயே கௌரி பின்னேரங்களில் அவருடைய கந்தோருக்குப் போய்க் கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சம்பளம் என்று எதுவும் இல்லை. குடும்பம்தானே.

எதை எடுப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டபடி கதைத்த கதைகளுக்குக் கணக்கில்லை. நான் இங்கிலாந்துக்குப் போ என்றேன். இங்கே மூன்று வருடப் படிப்பு வேலைநிறுத்தமும் மூடலுமாக ஐந்தாறு வருடம் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவள் அவ்வளவு இலகுவாக ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே படித்தால் காலையில் விரிவுரை, பின்னேரம் தொழில்முறைப் பரீட்சை வகுப்பு, பட்டம் முடிகிறபோது இரண்டும் கையில் இருக்கும், கொழும்புக் கோட்டையிலுள்ள கணக்காய்வுக் கம்பனிகளில் எடுப்பார்கள் என்றாள். அங்கே படித்தால் வங்கிகளில் ஏறலாம், ஆனால் திரும்பி வந்தால் இங்கே யாரையும் தெரிந்திருக்காது, நிற்பதென்றால் அங்கே அனுமதி வேண்டும். "பட்டத்தின்ரை பேரைப் பாக்கக்கூடாது சாந்தி. அது முடியிற அண்டைக்கு ஆற்றை கதவைத் தட்டலாம் எண்டு பாக்கவேணும்," என்றாள். பத்தொன்பது வயதில் அப்படி யோசித்தாள். பிற்காலத்தில் அவளிடம் ஆலோசனை கேட்டு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கும் அதையே சொன்னாள்.

கடைசியில் இங்கிலாந்து என்றே முடிவு செய்தாள். ஆனாலும் உள்ளூர் இடத்தைப் பதிந்து வைத்துக்கொள்ள விரும்பினாள். விசா கிடைக்காவிட்டால் கையில் ஒன்றாவது இருக்கவேண்டுமே. சித்தப்பா விடவில்லை. நான் அன்றைக்கு அவளோடு வெள்ளவத்தைக்குப் போயிருந்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அவர் சொன்னார்: "பதிஞ்சு போடாதை பிள்ளை. விசாவுக்குக் கேக்கேக்கை, இங்கை இடம் கிடைச்சு ஏன் அங்கை வாறாய் எண்டு துருவுவினம். அதை விட்டிடு."

"விட்டிட்டு விசாவும் கிடைக்காட்டி, சித்தப்பா?"

"நான் ஒருத்தன் இருக்கிறன்தானே."

பதிவுக்கான கடைசித் திகதி சித்திரையில் வந்தது. அவள் பதியவில்லை. வைகாசி முழுதும் சித்தப்பா பொறுப்புப் பத்திரத்தில் கையெழுத்து வைக்காமல் இழுத்தார். ஒருநாள் ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் ஏலாது போலக் கிடக்கு. நிலைமை அப்பிடி. நீ பேசாமல் எங்கடை ஒபிசிலை வந்து நில். நான் பழக்கிறன்," என்றாராம். அம்மா அழுதார். கௌரி அழவில்லை. சித்தப்பாவுக்கும் எத்தனை கஷ்டமோ என்று அம்மாவைத் தேற்றினாள். அன்றைக்கு அவள் அவரை நம்பினாள். அதை நான் நேரில் பார்த்தேன்.

உண்மை ஒரு சாப்பாட்டு மேசையில் வெளிவந்தது. அந்த ஆவணியில் சித்தப்பாவின் மகன் ரமணன் படிக்க இங்கிலாந்து போகிறான் என்று வெள்ளவத்தை வீட்டில் மத்தியான விருந்து. எங்களையும் அழைத்திருந்தார்கள், அம்மா வரவில்லை. அவனுக்கு இங்கே எந்த இடமும் கிடைத்திருக்கவில்லை. அவனுடைய நிதிப் பொறுப்பைத்தான் சித்தப்பா ஏற்றிருந்தார். கௌரி பரிமாறிக்கொண்டிருந்தாள். ரமணன் கெட்டவன் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி, கள்ளமில்லாமல், "எனக்கு விசா வரக் கனகாலம் எடுத்திட்டுது. அப்பா பங்குனியிலேயே எல்லாப் பேப்பரும் குடுத்திட்டார்," என்றான்.

பங்குனி. கௌரியின் பதிவுத் திகதி சித்திரை. கரண்டி அவளுடைய கையில் நின்றது. அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் மோரை எடுத்துக் குடித்தார். "அங்கை சரியான குளிராம் அண்ணா. கவனம்," என்று ரமணனுக்குச் சொல்லி, அவனுக்கு இன்னொரு கரண்டி கத்தரிக்காய் வைத்தாள். பிறகு எல்லோருக்கும் பாயாசம் பரிமாறினாள். ஒருவருக்கும் குறை வைக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு சொன்னாள்: "நான் பல்கலைக்கழகம் போனா அந்த ஒபிசிலை வேலை செய்ய ஆளில்லை, சாந்தி. விசயம் அவ்வளவுதான். மகனுக்கு இங்கிலாந்து, கந்தோருக்கு நான்."

மறுநாள் அவள் அவருடைய கந்தோரில் போய்ச் சேர்ந்தாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு ரோசமில்லையா என்று கேட்டேன். "பட்டயக் கணக்காளருக்குக் கீழை பயிற்சி எடுக்காமல் அந்தப் பரீட்சையை முடிக்க ஏலாது. வெளி ஆக்கள் பேர் பெத்த ஆளின்ரை பிள்ளை இல்லாட்டி எடுக்கமாட்டினம். அந்தாள் என்னைப் பாவிக்க நினைக்குது. நானும் அந்தாளைப் பாவிக்கப்போறன்," என்றாள். அந்தக் கந்தோரிலேயே பயிலுநராக இருந்து பரீட்சைகளை ஒவ்வொன்றாகச் சித்தியடைந்தாள். கூடவே ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இங்கிருந்தே எழுதும் வெளிவாரிப் பட்டத்தையும் படித்தாள், நிதியியலில். சித்தப்பா அவளைக் காட்டி, நான் வளர்த்த பிள்ளை என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வார். அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வருடங்களில்தான் என்னைப் பிடித்தார்கள். கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த மறுநாள். கிருலப்பனைச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். எனது அட்டையில் யாழ்ப்பாண விலாசம். இறக்கி, வேறு சில பெண்களோடு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் வேலை செய்த மருந்துக் கம்பனியிலிருந்து கௌரிக்குச் செய்தி போயிருக்கிறது. அவள் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் சமாதான நீதவான். வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். "ஆரோ வாடகைக்கு இருக்கிற பிள்ளை. பொலிசிலை என்ரை பேரைக் குடுத்திடாதை," என்றாராம்.

கௌரி தனியாக வந்தாள். வாசலில் நின்ற பொலிஸ்காரனைத் தம்பி என்று, சிங்களத்தில் "மல்லி" என்று கூப்பிட்டு, "மேயா மகே நங்கி," என்றாள். இவள் என் தங்கை என்று. அவன் நம்பியிருக்கமாட்டான். ஆனால் அவள் அங்கிருந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். பொறுப்பதிகாரி வருகிறபோதெல்லாம் எழும்பி நின்று, நான் எங்கே வேலை செய்கிறேன், எந்த வீட்டில் இருக்கிறேன், பொலிஸ் பதிவு எங்கே இருக்கிறது என்று நல்ல சிங்களத்தில், குரல் உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். போ என்றார்கள், போகவில்லை. பின்னேரம் என்னை விட்டார்கள். வெளியே வந்ததும் எனக்கு ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை கோப்பையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் சேர்த்து வைச்சிருக்கிறன்," என்றாள்.

"எதை?"

"அந்தாள் வராததை."

விட்டுவிடு என்றேன். நான்தான் வந்துவிட்டேனே என்றேன். அவள் சொன்ன பதில் இன்றும் எனக்குப் பாடம்: "எனக்கு மறதி இல்லை. அதை ஒரு குறையெண்டு எல்லாரும் சொல்லுவினம். மறக்கிற ஆக்களாலை ஆருக்கு என்ன பிரியோசனம்?"

பயிற்சி முடிந்ததென்று சித்தப்பா கையெழுத்து வைத்த அன்றே அவள் தன் மேசையைத் துடைத்துவிட்டு எழும்பி வந்தாள். அவர் பங்காளியாக்குகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். அவள் கோட்டையில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பிரிவில் சேர்ந்தாள். அங்கே அவளோடு வேலை செய்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? விண்ணப்பிக்க வந்தவர்களுக்கு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்துக் காட்டுவாள் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். சில வருடங்களில் வெள்ளவத்தையில் அடுக்குமாடி ஃபிளட் ஒன்று வாங்கி அம்மாவைக் கொண்டுவந்து வைத்தாள். கலியாணம் செய்யவில்லை. நேரமில்லை என்பாள். சித்தப்பாவின் வீடு நாலு ஒழுங்கை தள்ளி. நல்லது கெட்டதற்குப் போவாள், பாயாசம் குடிப்பாள், வருவாள். அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் வந்திருக்கமாட்டார்.

போர்நிறுத்தம் முறிந்து, வெள்ளவத்தையில் மறுபடி பொலிஸ் வீடு வீடாகத் தமிழரின் பதிவைப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. சித்தப்பாவுக்குக் காலம் பிந்திப் பிறந்த ஒரு மகள், அபிராமி. நல்ல கெட்டிக்காரி. அவளுக்கும் இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று அவுஸ்திரேலியாவில் நிதியியல். மற்றது கொழும்பில் முகாமைத்துவம், அதிலே நிதி சிறப்புப் பாடம். அவுஸ்திரேலியா என்று அவர் ஏற்கெனவே கோயிலிலும் சங்கத்திலும் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். மகள்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கௌரி அக்கா சொன்னால் சம்மதிப்பேன் என்றிருக்கிறாள். அதனால் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அப்போது கௌரியின் அம்மாவோடு இருந்து பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் கதிரையில் வசதியாக இருந்தார். "நீ படிச்ச துறைதானே. பிள்ளைக்கு எது நல்லதெண்டு எடுத்துச் சொல்லு," என்றார்.

"சொல்லுறன் சித்தப்பா," என்றாள் கௌரி. "அதுக்கு முதல் நீங்கள் அபிக்கு ஒரு கதை சொல்லவேணும். எனக்கும் இதே மாதிரி ரெண்டு இடம் வந்தது. நான் ரெண்டுக்கும் போகேல்லை. ஏனெண்டு சொல்லுங்கோ."

"அது பழைய கதை பிள்ளை. இப்ப ஏன்?"

"எனக்குப் பழசு. அபிக்குப் புதுசு."

அவர் என்னைப் பார்த்தார். நான் எழும்பிப் போவேன் என்று நினைத்தாரோ தெரியாது. நான் பயற்றங்காயை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த நேரம் சூழ்நிலை அப்பிடி," என்று தொடங்கினார். "என்ரை கையும் கட்டியிருந்தது..."

"சூழ்நிலையை விடுங்கோ. நீங்கள் எனக்குப் பொறுப்பு நிக்கப்போறேல்லை எண்டு எப்ப முடிவெடுத்தனீங்கள்? என்ரை பதிவுத் திகதிக்கு முதலோ, பிறகோ?"

"அதெல்லாம் இப்ப ஆருக்கு ஞாபகம்?"

"எனக்கு. ரமணன் அண்ணாவின்ரை பேப்பர் பங்குனியிலை குடுத்தனீங்கள். என்னைப் பதியவேண்டாம் எண்டது சித்திரையிலை. அப்ப உங்களுக்குத் தெரியும். தெரியுமோ, தெரியாதோ?"

அபிராமி தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையோர ரயில் ஒன்று வெளியே இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும் வரை அவர் காத்திருந்தார்.

"தெரியும்," என்றார்.

"பிறகேன் என்னைப் பதியவிடேல்லை?"

"ஒபிசுக்கு ஆள் இல்லை."

கௌரியின் அம்மா எழும்பி உள்ளே போனார். இத்தனை வருடமாக அந்த அம்மாவுக்கு இது தெரியாது. இரண்டு பேருக்கும் பொறுப்பு நிற்க ஏலாமல் கடைசி நேரத்தில் கைவிட்டார் என்றே நினைத்திருந்தார். கௌரி அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டிய ஆள் தன் வாயால் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தாள்.

பிறகு அவள் அபிராமியின் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டு, ஒன்றுமே நடக்காததுபோல விடயத்துக்கு வந்தாள். நிதியில் என்ன வேலை செய்ய விருப்பம் என்று கேட்டாள். முதலீட்டுப் பகுப்பாய்வு என்றாள் சின்னவள். கௌரி இரண்டு இடங்களின் பாடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினாள். அவுஸ்திரேலியப் படிப்பில் புள்ளியியலும் சந்தைக் கோட்பாடும் நன்றாக இருக்கிறது, அந்த வேலைக்கு அதுதான் நேர் வழி, முடித்தவுடன் அங்கேயே வேலை எடுக்கலாம் என்றாள். உள்ளூரில் பாடத்திட்டம் பழசு, வருடம் இழுபடும், நேர்முகத்தில் பெயரைப் பார்த்துவிட்டு ஊர் எது என்று கேட்பார்கள். ஆனால் காசில்லாமல் படிக்கலாம், பக்கத்திலேயே தொழில்முறைப் பரீட்சை எழுதலாம், இரண்டாம் வருடத்திலிருந்து தன்னுடைய நிறுவனத்திலேயே பயிற்சிக்கு எடுக்கலாம். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப எதை எடுக்கட்டும் அக்கா?"

"படிப்பைப் பாத்தா அது நல்லம். ஆனா அங்கை போனா ஒவ்வொரு தவணையும் அப்பா கையெழுத்து வைச்சாத்தான் நீ படிக்கலாம். அப்பா கையெழுத்து வைக்கிற விதத்தை இப்ப கேட்டனிதானே. நானெண்டா இங்கை பதிவன்."

சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "என்னிலை பழி தீர்க்கிறியோ பிள்ளை?"

"ஓம் சித்தப்பா," என்றாள் கௌரி. "ஆனா இவளுக்கு ஒரு பொய்யும் சொல்லேல்லை."

அபிராமி இங்கே பதிந்தாள். பதிவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது கௌரி. அவுஸ்திரேலியா என்ன ஆனது என்று கோயிலில் கேட்டவர்களுக்கு அவர் ஒவ்வொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சில காலத்துக்குப் பிறகு கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் கௌரிக்குப் பிடிக்காது. அபிராமியின் படிப்பு இழுபட்டது. ஒருமுறை மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. ஒருமுறை பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் அவளையும் இறக்கி விசாரித்தார்கள். கௌரிதான் போய்க் கூட்டிவந்தாள். அந்த வாரம் சின்னவள் ஃபிளட்டுக்கு வந்து, "அங்கை போயிருந்தா நான் இப்ப முடிச்சிருப்பன்," என்று அழுதாள். கௌரி அவளைத் தடவி ஆறுதல் சொல்லவில்லை. "ஓம், முடிச்சிருப்பாய்," என்றாள். அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தாள். பிறகு, அடுத்த பரீட்சைக்கு எந்தப் பாடம் படிக்கவேண்டும் என்று கேட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். இன்று அபிராமி கோட்டையில் முதலீட்டுப் பகுப்பாய்வுதான் செய்கிறாள். வழி கொஞ்சம் நீண்டுவிட்டது. தகப்பனிடம் அவள் அதன்பிறகு எதுவும் கேட்டு வாங்கியதில்லை. வருடப்பிறப்புக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்துவிடுவாள்.

சித்தப்பாவின் மனைவி காலமான பிறகு, அந்தப் பெரிய வீட்டில் சம்பளத்துக்கு வைத்த ஒரு பெண்ணின் துணையோடு அவர் தனியே இருந்தார். ரமணன் அந்தப் பட்டத்தை முடிக்கவேயில்லை. எங்கேயோ ஒரு கடையில் நிற்கிறான் என்று கேள்வி. இதையெல்லாம் நான் ஒருநாள் கௌரிக்குச் சொல்லி, உனக்குக் கவலையாக இல்லையா என்று கேட்டேன். உண்மையாகவே யோசித்துப் பார்த்துப் பதில் சொன்னாள்: "இரக்கம் வருமெண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். வரேல்லை."

ஆஸ்பத்திரியில் அவள் கடைசி நாட்களில் கிடந்தபோது அவர் வந்தார். ஊன்றுகோலோடு, நன்றாகத் தளர்ந்துபோய். வரவேண்டாம் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். வரட்டும் என்றாள். அவர் கட்டிலோரம் இருந்து ஊன்றுகோலைச் சாய்த்து வைத்தார். பிறகு, "என்னை மன்னிச்சிட்டியோ பிள்ளை?" என்றார். வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் அவரை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள்.

"நித்திரை வருது சித்தப்பா," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு எழும்பிப் போனார். ஊன்றுகோல் சத்தம் படியிறங்கியதும் அவள் கண்ணைத் திறந்து, கொஞ்சம் ஐஸ்கிறீம் வேண்டும் என்றாள். அன்றைக்கு அவள் ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டாள். கனநாளைக்குப் பிறகு.

இதை வாசிக்கிற சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சாகும்போதாவது மனிதர் மன்னிக்கவேண்டாமா என்பீர்கள். மன்னிக்கச் சொல்வது, இழந்தவர்களைப் பார்த்து எல்லோரும் சுலபமாகச் சொல்லும் வார்த்தை. இந்த நாட்டில் எங்களுக்கு அதைச் சொன்னவர்கள் கொஞ்சமல்ல. இரண்டு பல்கலைக்கழகக் கதவு திறந்திருந்த ஒரு பிள்ளையை இரண்டுக்கும் வெளியே நிறுத்திவிட்டு, தனக்குக் கணக்குப் பார்க்க வைத்துக்கொண்ட மனிதர், அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையையும் வாங்கிக்கொண்டு போகவேண்டுமா? அவள் கொடுக்கவில்லை. கிடைக்காத அந்த வார்த்தையைத்தான் அவர் மலர்ச்சாலையில் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்தார்.

கௌரியின் சேலைகளில் இரண்டை அம்மா எனக்குத் தந்தார். வைத்திருக்கிறேன். ஆனால் அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. நடந்ததை நடந்த வரிசையில், திகதி பிசகாமல், குரல் உயர்த்தாமல் சொல்வது. ஒருவர் செய்ததை அவர் செய்ததாகவே சொல்வது, சூழ்நிலை செய்ததாகச் சொல்லாமல். எனக்கு அது லேசில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் முதல் முயற்சி.

அவளுடைய சித்தப்பா இந்த மலரை நிச்சயம் வாசிப்பார். தானும் எழுதிக் கொடுத்த கட்டுரை அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கத் திறப்பார், பிறகு இந்தப் பக்கத்துக்கும் வருவார். வாசித்தபின் என்னைத் தேடி வரவேண்டும் என்றால் வரலாம். நான் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன். கதிரை போடுவேன், தேத்தண்ணி தருவேன், வயதுக்குரிய மரியாதையும் தருவேன். அவர் கேட்டு வருவது மட்டும் என்னிடம் இல்லை. அது கௌரியுடையது. அவள் அதைக் கொண்டுபோய்விட்டாள்.